மாக்னட்ரான் பிறந்த ஊர்களில்

மே 10, லண்டன்

சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனில் இறங்கினால் அறிவியல் அருங்காட்சியகம் வரைக்கும் தரைக்கு அடியிலேயே ஒரு நீண்ட நடைபாதை போகிறது. வெளியே கொட்டும் மழை. மஞ்சள் மேல்சட்டை மாட்டிய பள்ளிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார்கள். கடைசியில் வந்த ஆசிரியை என்னைப் பார்த்து, "உங்களுக்கு அவசரம் என்றால் முன்னால் போங்கள்" என்று ஒதுங்கி வழிவிட்டார். அவசரமெல்லாம் இல்லை. அந்தப் பிள்ளைகளின் வேகத்திலேயே நானும் நடந்தேன்.

நுழைவு இலவசம். வாசலில் நிற்பவர்கள் நன்கொடை கேட்கிறார்கள். 5 பவுண்டு போட்டேன். அதற்கு அவர்கள் சொன்ன நன்றியில் 50 பவுண்டு போட்டது மாதிரி இருந்தது.

நான் வந்தது ஒரே ஒரு பொருளைப் பார்க்க. ஜான் ராண்டால், ஹாரி பூட் என்ற இருவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் செய்த முதல் குழி மாக்னட்ரான், ரேடாருக்கான நுண்ணலையை எழுப்பும் குழல். 1940 பிப்ரவரி 21 அன்று முதல் முறையாக அதை ஓட்டினார்கள். 9.8 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சுமார் 400 வாட் வந்தது. அந்த அலைநீளத்தில் அவ்வளவு சக்தியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. சக்தியை அளக்க முதலில் கார் முகப்பு விளக்குகளை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். விளக்குகள் எரிந்தே போயின.

நிறம் மங்கிய செம்பு. கண்ணாடிக்குப் பின்னால் ஆரவாரம் எதுவும் இல்லாமல் இருக்கிறது. பக்கத்தில் நின்ற அப்பாவும் மகளும் ஐந்து விநாடியில் கடந்து போய்விட்டார்கள். அவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேலை செய்யும் விதம் அத்தனை அழகு. நடுவில் சூடான கேத்தோடு, சுற்றிலும் செம்புச் சுவர். கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் நேராகச் செம்பை நோக்கி ஓட வேண்டும். குழலின் நீளவாக்கில் ஒரு காந்தப்புலத்தை வைத்தால் அதன் பாதை வளைந்து, எலக்ட்ரான் கூட்டமே கேத்தோடைச் சுற்றத் தொடங்கும். செம்புக்குள் ஆறு துளைகள் குடைந்திருக்கிறார்கள். சுற்றும் கூட்டம் அவற்றின் வாய்களைத் தாண்டித் தாண்டி ஓடும்போது, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு ஓசை எழுமே, அதுபோல ஒவ்வொரு துளையும் தன் அளவுக்குரிய அதிர்வெண்ணில் அதிர ஆரம்பிக்கிறது. அலைநீளத்தை முடிவு செய்வது துளையின் அளவுதான். அதனால்தான் ஒரு செம்புக் கட்டியையும் துளைபோடும் எந்திரத்தையும் வைத்து இரண்டு பேரால் இதைச் செய்ய முடிந்தது.

அதே அருங்காட்சியகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் 1955-இல் கட்டிய சீசியம் கடிகாரம் இருக்கிறது. சீசியம் அணுவின் அதிர்வு விநாடிக்கு 9,192,631,770. அந்த எண்தான் 1967-இல் விநாடியின் இலக்கணமே ஆனது. 9.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 3 சென்டிமீட்டர் அலை. போர்க்காலத்தில் ரேடாருக்காகப் பழகிய அலைகளின் பக்கத்து வீடு அது.

லண்டனின் வடக்கே மில் ஹில்லில் இருந்த மருத்துவ ஆய்வு நிலையத்தில் 1950-களில் ஜேம்ஸ் லவ்லாக்கும் அவருடைய சகாக்களும் பனிக்குளிர்ச்சியில் உறைந்த எலிகளையும் ஹாம்ஸ்டர்களையும் நுண்ணலையால் சூடாக்கி உயிர்ப்பித்தார்கள். மேல்தோலைச் சுடாமல் உடலின் உள்ளே வெப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடியது. சமையலறை நுண்ணலை அடுப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இந்த ஹாம்ஸ்டர்களைப் பற்றி இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும்.

மதியம் ஒரு சாண்ட்விச், ஒரு காபி. 9 பவுண்டு. ரொட்டி ஈரமாக இருந்தது.

மே 12, வொர்த் மாட்ராவர்ஸ்

தெற்குக் கடற்கரையில், டார்செட் மாவட்டத்தில் ஒரு சின்னக் கல் ஊர். வீடுகளின் சுவர், கூரை, வேலி எல்லாமே சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல். 1940 மே மாதம் ரேடார் ஆய்வுக் குழு இங்கே வந்து, இரண்டு ஆண்டுகள் இருந்தது.

வேர்ஹாமில் ரயிலை விட்டு இறங்கியதோடு அன்றைய ஒழுங்கு முடிந்தது. இணைப்புப் பேருந்து வரவில்லை. பலகையில் "இப்போது வருகிறது" என்று எழுதியிருந்தது. நாற்பது நிமிடம் அப்படியே எழுதியிருந்தது. நிழற்குடையில் என்னோடு காத்திருந்த வயதான தம்பதி, ஒரு கறுப்பு நாய். அவர்களுடைய மகன் காரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. "நாங்கள் போகும் வழிதான்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழி இல்லை என்பது வரைபடத்தைப் பார்த்தபோது தெரிந்தது. பத்து மைல் சுற்றி என்னை ஊர் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். பெட்ரோல் காசு கொடுக்கப் போனேன். அந்த அம்மா என் கையை மூடி, "நாய்க்கு உங்களைப் பிடித்துவிட்டது, அது போதும்" என்றார்.

ஊரிலிருந்து செயின்ட் ஆல்டெல்ம்ஸ் முனை வரை வயல்வழியே நடக்க வேண்டும். காற்று ஆளைத் தள்ளியது. நேற்றைய மழையில் வழியெல்லாம் சேறு. முனையில் பழைய நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்று, கொஞ்சம் தள்ளிக் கடலைப் பார்த்தபடி ரேடார் நினைவுச் சின்னம். எஃகில் செய்த இரண்டு ரேடார் கிண்ண வடிவங்கள். 2001-இல் பெர்னார்ட் லவல் வந்து திறந்து வைத்தது. பின்னாளில் ஜோட்ரல் பேங்க்கில் 76 மீட்டர் வானொலித் தொலைநோக்கியைக் கட்டிய அதே லவல். போரின்போது இளைஞராக இந்தக் குழுவில் வேலை பார்த்தவர்.

1940 ஜூலையில் ஒரு மாக்னட்ரான் இங்கே வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் அதன் கற்றையில் ஒரு விமானம் தெரிந்தது. அப்புறம் ஒருவரைத் தகரத் தகடு ஒன்றோடு சைக்கிளில் ஏற்றி, பாறை விளிம்பு ஓரமாக ஓட்டச் சொன்னார்கள். அந்தத் தகட்டின் எதிரொலியும் திரையில் வந்தது. இது சாதாரண விஷயம் இல்லை. மீட்டர் கணக்கான பழைய ரேடார் அலைகளில், தரைக்குப் பக்கத்தில் இருக்கும் எதுவும் தரையின் எதிரொலியிலேயே மூழ்கிவிடும். அலை 10 சென்டிமீட்டர் என்று சுருங்கியதும், சின்ன ஆன்டெனாவிலேயே ஒடுங்கிய கற்றை கிடைத்தது. சைக்கிளையும் குன்றையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. விமான மூக்கில் மாட்டும் அளவுக்குக் கருவி சிறிதானது.

அதே கோடையில்தான் அந்தக் குழல் அட்லாண்டிக்கையும் கடந்தது. வெம்ப்ளியில் எரிக் மெகா மேம்படுத்திய வடிவத்தில் 12-ஆம் எண் குழலை, பிரிட்டனின் ரகசிய அறிவியல் தூதுக்குழுவான டிசார்ட் குழு செப்டம்பரில் அமெரிக்காவுக்கு எடுத்துப் போனது. அக்டோபரில் பெல் ஆய்வகத்தில் அதைப் பிரதியெடுக்கப் போனபோது ஒரு குழப்பம். கையில் இருந்த வரைபடத்தில் ஆறு துளைகள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குழலுக்குள் எட்டு. எட்டையே பின்பற்றிச் செய்துவிட்டார்கள்.

திரும்பும்போது ஊரில் ஸ்கொயர் அண்ட் காம்பஸ் என்ற பழைய மதுக்கடை. உள்ளே மேசைபோட்ட கவுன்ட்டர் கிடையாது. நடையில் ஒரு சின்னத் திறப்பு, அதன் வழியே எல்லாம் வரும். சாப்பிட பேஸ்டி. நான் காய்கறி பேஸ்டி வாங்கினேன். உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, தாராளமாக மிளகு. ஆப்பிள் சாறும் சேர்த்து 8 பவுண்டுக்குள். வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு கோழி என் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. கடையின் ஒரு பக்கத்தில் கற்படிமங்களுக்கென்று ஒரு குட்டி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்க் கற்களில் கிடைத்தவை. இரவு காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்துக் காய வைத்தேன்.

மே 14, பர்மிங்காம்

வெயில். இங்கிலாந்தில் வெயில் வந்தால் எல்லோரும் புல்லில் படுத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில் சுமார் 100 மீட்டர் உயர மணிக்கூண்டு, செல்லப் பெயர் "ஓல்ட் ஜோ". அதன் அடியில் நடந்து போகப் பார்த்தேன். ஒரு மாணவி ஓடிவந்து தடுத்தார். மணி அடிக்கும்போது அடியில் போனால் பரீட்சையில் தேறமாட்டார்களாம். "எனக்குப் பரீட்சை இல்லையே" என்றேன். "எதற்கு வம்பு?" என்றார், மிகவும் அக்கறையாக. சுற்றிக்கொண்டு போனேன்.

பாயிண்டிங் கட்டடம் சிவப்புச் செங்கல். ராண்டால், பூட் பெயரோடு நீல வட்டப் பலகை. 1939-இல் மார்க் ஒலிஃபன்ட் தலைமையில் இந்தத் துறைக்குக் கடற்படை கொடுத்த வேலை, 10 சென்டிமீட்டர் அலையைச் சக்தியோடு உண்டாக்குவது. ஒலிஃபன்டின் ஆட்கள் நம்பியது கிளைஸ்ட்ரானை. அது கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் ரஸல், சிகர்ட் என்ற வேரியன் சகோதரர்கள் 1937-இல் கண்டுபிடித்த குழல். எலக்ட்ரான் கற்றையை ஒரு செம்புக் குழி வழியே விடுவார்கள். குழியிலுள்ள மின்புலம் சில எலக்ட்ரான்களை வேகப்படுத்தும், சிலவற்றைத் தாமதப்படுத்தும். கொஞ்ச தூரம் போனதும் வேகமானவை முன்னால் போன மந்தமானவற்றை எட்டிப்பிடித்துக் கொத்துக்கொத்தாகச் சேரும். அந்தக் கொத்துகள் இரண்டாவது குழியைக் கடக்கும்போது தம் ஆற்றலை அங்கே கொட்டிவிடும். உள்ளே போன சின்ன சமிக்ஞை பெரிதாக வெளியே வரும்.

ராண்டாலுக்கும் பூட்டுக்கும் அந்த முக்கிய வேலை தரப்படவில்லை. ஓரமாக வேறொரு வகைக் குழலை ஆராயச் சொன்னார்கள். அது தேறாது என்று தெரிந்ததும், கிளைஸ்ட்ரானின் குழியையும் பழைய மாக்னட்ரானின் சுழற்சியையும் சேர்த்தால் என்ன என்று யோசித்தார்கள். அதற்கு முந்தைய கோடையில் ராண்டால் அபரிஸ்ட்வித் ஊரின் புத்தகக் கடையில், வானொலி அலைகளை முதலில் செய்து காட்டிய ஹெர்ட்ஸின் பழைய நூல் ஒன்றை வாங்கிப் படித்திருந்தார். ஹெர்ட்ஸின் கம்பி வளையத்தை நீட்டி உருளையாக்கினால் அதுவே ஒரு துளை. இதே ராண்டால்தான் பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டிஎன்ஏவின் எக்ஸ்ரே ஆய்வு நடந்த ஆய்வகத்தைக் கட்டி எழுப்பினார். ஒரே மனிதர்.

சரி, இதுவரை சொன்னது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் கதை. இந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றபோது என் மனம் முழுக்க இருந்தவர் இன்னொருவர். ருடால்ஃப் கோம்ப்னர். வியன்னாவில் 1909-இல் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை. லண்டனுக்கு வந்து கட்டடம் வரைந்து பிழைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இயற்பியலைத் தானே படித்தார். போர் வந்ததும் "எதிரி நாட்டவர்" என்று 1940-இல் ஐல் ஆஃப் மேன் தீவில் அடைத்து வைத்தார்கள். மறு ஆண்டு அதே அரசாங்கம் அவரைப் பர்மிங்காமில், இந்தத் துறையில், ரகசியக் குழல் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

கிளைஸ்ட்ரானில் அலையும் எலக்ட்ரானும் ஒரு குழிக்குள் கண நேரம் சந்தித்துப் பிரிகின்றன. அந்தச் சந்திப்பை நீட்டினால் என்ன என்று கோம்ப்னர் கேட்டார். அலை ஒளியின் வேகத்தில் போகிறது, எலக்ட்ரான் அதைவிட மெதுவாகப் போகிறது. எனவே அலையைச் சுருள் கம்பி வழியே சுற்றிச் சுற்றி நடக்க வைத்தார். கம்பியில் அது ஒளி வேகத்தில் போனாலும் நேர்கோட்டில் நகரும் வேகம் பல மடங்கு குறைந்துவிடும். சுருளின் நடுவே எலக்ட்ரான் கற்றை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் போகும்போது, கற்றை தன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வழி நெடுக அலைக்குக் கொடுக்கிறது. 1943-இல் அது வேலை செய்தது. பெயர் டிராவலிங் வேவ் டியூப். இதில் ஒரு குறிப்பிட்ட அளவுக் குழி இல்லாததால் ஒரே அதிர்வெண்ணில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. அகன்ற அலைவரிசை முழுவதையும் ஒரே குழல் பெருக்கும்.

மாக்னட்ரான் தானாகவே பலத்த அலையை எழுப்பும், ஆனால் கொஞ்சம் முரடு, அதிர்வெண் அலையும். அளந்து பார்க்கும் அறிவியலுக்கு, சொன்னதைச் சொன்னபடி பெருக்கும் குழல் வேண்டும். கோம்ப்னரின் சுருளும் வேரியன் சகோதரர்களின் குழிகளும்தான் அதைக் கொடுத்தன. 1962-இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அட்லாண்டிக்கைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பியது டிராவலிங் வேவ் டியூபால். அப்போது கோம்ப்னர் பெல் ஆய்வகத்தில், அந்தத் திட்டத்திலேயே இருந்தார். 1977-இல் கிளம்பிய வாயேஜர் கலங்கள் இன்றைக்கும் பூமிக்குப் பேசுவது சுமார் 20 வாட் சக்தியுள்ள டிராவலிங் வேவ் டியூபால்தான். அங்கிருந்து சமிக்ஞை வந்து சேர ஒளிக்கே ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. இங்கிருந்து கட்டளை அனுப்புவது, பல கிலோவாட் சக்தியுள்ள கிளைஸ்ட்ரான். நாம் கேட்கும் கேள்வி ஒரு குழலில் போகிறது, பதில் இன்னொரு குழலில் வருகிறது. இரண்டு வாயேஜர்களும் கிளம்பிய அதே 1977-இன் டிசம்பரில் கோம்ப்னர் காலமானார்.

மாக்னட்ரானுக்குக் கிடைத்த புகழில் ஒரு பகுதியாவது இவருக்கு வந்து சேர வேண்டும். எனக்கு இது மனத்தாங்கலான விஷயம்.

இரவு பால்டி. மெல்லிய எஃகுச் சட்டியில் சமைத்து, அடுப்பிலிருந்து அப்படியே மேசைக்கு வருகிறது. நான் ரொட்டி என்றால் மேசையின் பாதியை மறைக்கும் அளவு. காய்கறி பால்டி, நான், மோர் போன்ற லஸ்ஸி, 14 பவுண்டு. பரிமாறியவர் பாகிஸ்தானின் மீர்பூரைச் சேர்ந்தவர். நான் தனியாக வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் நானை முக்கால்வாசியாகக் குறைத்துக்கொண்டு வந்து, விலையையும் குறைத்தார். கேட்காமலே.

மே 15, கிரேட் மால்வர்ன்

1942-இல் வொர்த் மாட்ராவர்ஸ் கூட்டம் முழுக்க இங்கே குடிபெயர்ந்தது. அந்த பிப்ரவரியில் பிரிட்டிஷ் வீரர்கள் பிரான்ஸ் கடற்கரையில் புருனெவாலில் இறங்கி ஜெர்மன் ரேடாரின் பாகங்களைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அதே மாதிரி ஜெர்மானியரும் இங்கே வந்தால் என்ற பயம். மால்வர்ன் கல்லூரி மாணவர்களை ஹாரோ பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வகுப்பறைகளில் ரேடார்காரர்கள் உட்கார்ந்தார்கள்.

ரோஸ்பேங்க் தோட்டத்திலிருந்து 99 படி ஏறி, இன்னும் மேலே நடந்தால் செயின்ட் ஆன்ஸ் வெல் சுனை. மூச்சு வாங்கியது. நின்றபோது எனக்குப் பின்னால் வந்த பாட்டி, "நான் எண்பத்தொன்று. நீங்கள் உட்காருங்கள்" என்று பெஞ்சைக் காட்டிவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தார். சுனைத் தண்ணீர் குழாயில் வருகிறது, பிடித்துக் குடிக்கலாம். பக்கத்து உணவகம் முழுச் சைவம். பருப்பு சூப்பும் பழுப்பு ரொட்டியும். இந்தப் பயணத்திலேயே வயிறு நிறைந்த மதியம் அதுதான்.

இங்கே நடந்த சோகம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து தரையை வரைபடமாகக் காட்டும் ஹெச்டுஎஸ் ரேடாரைச் சோதித்துக்கொண்டிருந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் 1942 ஜூன் 7 அன்று ஹெர்ஃபர்ட்ஷையரில் விழுந்தது. ஸ்டீரியோ ஒலிப்பதிவைக் கண்டுபிடித்த ஆலன் ப்ளம்லைன் உட்பட 11 பேரும் இறந்தார்கள். அதற்கப்புறம் ஒரு விவாதம். மாக்னட்ரானை எதிரி நாட்டின் மேல் பறக்க விடலாமா? கிளைஸ்ட்ரான் என்றால் வெடிவைத்து அழித்துவிடலாம். மாக்னட்ரான் செம்புக் கட்டி, சிதைந்தாலும் உள்ளே எத்தனை துளை என்று தெரிந்துவிடும். கடைசியில் பறக்க விட்டார்கள். 1943 பிப்ரவரியில் ராட்டர்டாம் பக்கத்தில் விழுந்த விமானத்திலிருந்து ஜெர்மானியர் கையில் அது கிடைத்தும் விட்டது.

எனக்கு மால்வர்ன் முக்கியமாவது போர் முடிந்த பிறகு. கிடங்கில் மாக்னட்ரான்கள் கிடந்தன, அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்கள் சும்மா இருந்தார்கள். டி. டபிள்யூ. ஃப்ரை என்பவரின் குழு 1946-இல், 10 சென்டிமீட்டர் மாக்னட்ரானின் துடிப்பை ஓர் உலோகக் குழாய்க்குள் செலுத்தி, அந்த அலையின் முதுகில் எலக்ட்ரான்களை ஓடவைத்து, அரை மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கியது. குழாயின் நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. கோம்ப்னரின் குழலில் எலக்ட்ரான் அலைக்கு ஆற்றல் கொடுத்தது, இங்கே அலை எலக்ட்ரானுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கிளையில்தான் 1953-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் புற்றுநோய்க்கான 8 மெகாவோல்ட் முடுக்கி வந்தது. அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் கிளைஸ்ட்ரான் வழியாகப் போனவர்கள் 1966-இல் 3 கிலோமீட்டர் நீள முடுக்கியைக் கட்டினார்கள். 240-க்கும் மேற்பட்ட கிளைஸ்ட்ரான்கள் வரிசையாக நின்று அதை ஓட்டின. புரோட்டானுக்குள் இன்னும் சிறிய துகள்கள் இருப்பது அங்கேதான் தெரிந்தது.

மே 16, ஆக்ஸ்ஃபோர்டு

இங்கே தங்கும் எண்ணமே இல்லை. சிக்னல் கோளாறு என்று சொல்லி ரயிலை நிறுத்திவிட்டார்கள், இரண்டு மணி நேரம். நடைமேடையில் யாரும் குரல் உயர்த்தவில்லை. ஒரு பெண் பையிலிருந்து இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, முன்பின் தெரியாத எல்லோருக்கும் நீட்டினார். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அதற்கப்புறம் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

போரின்போது இந்த ஊரின் கிளாரண்டன் ஆய்வகத்தில் பிரெபிஸ் பிளீனி ரேடாருக்கு ரிஃப்ளெக்ஸ் கிளைஸ்ட்ரான் செய்துகொண்டிருந்தார். போர் முடிந்த கையோடு, 1946-இல், அதே மாதிரிக் குழல்களைக் கொண்டு அமோனியா வாயு எந்தெந்த நுண்ணலையை உறிஞ்சுகிறது என்று நுட்பமாக அளந்தார். மூலக்கூறுகளை நுண்ணலையால் படிக்கும் துறை இப்படித்தான் வேகமெடுத்தது. ரிஃப்ளெக்ஸ் கிளைஸ்ட்ரானில் ஒரே குழிதான். எலக்ட்ரான் அதைத் தாண்டிப் போய், ரிபெல்லர் என்ற தகட்டின் எதிர் மின்னழுத்தத்தில் முட்டி, அதே குழிக்குத் திரும்பி வரும். நம் கல்லூரி நுண்ணலை ஆய்வகங்களில் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். ரிபெல்லர் வோல்டேஜைத் திருகிக்கொண்டே போனால் மீட்டர் முள் எழும், விழும், மறுபடி எழும். ஒவ்வொரு எழுச்சியின் உச்சியிலும் அதிர்வெண்ணைக் குறித்து வரைபடத்தாளில் அந்தக் குன்றுகளை வரைவோம். குழல் சூடாகும், பக்கத்தில் சின்ன மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

டெடிங்டனில் இருக்கும் தேசிய ஆய்வகத்தில் கீத் ஃப்ரூம் 1958-இல் ஒளியின் வேகத்தை நுண்ணலைக் குறுக்கீட்டுமானியால் அளந்தார். விநாடிக்கு 299,792.5 கிலோமீட்டர், பிழை 0.1-க்குள். இன்றைக்கு நாம் வரையறையாக வைத்திருக்கும் எண் 299,792.458. லேசருக்கு முந்தைய காலத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்கள்.

மே 17, ஹார்வெல்

டிட்காட்டிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம். வயல் நடுவே வெள்ளி வளையம் ஒன்று கிடக்கிறது, டயமண்ட் லைட் சோர்ஸ். பொதுமக்களுக்கான பார்வை நாளுக்கு முன்பே பதிவு செய்திருந்தேன். சுற்றளவு 561.6 மீட்டர். அதற்குள் 3 கிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் விநாடிக்கு 5 லட்சத்து 30 ஆயிரம் முறைக்கு மேல் சுற்றுகின்றன. வளையும் இடங்களில் எக்ஸ்ரே சிந்துகிறது. புரதம், பேட்டரி, பழங்காலப் பாப்பிரஸ் சுருள் எல்லாவற்றையும் அந்த ஒளியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

சிந்தும் ஒளிக்கு யாராவது ஈடு கொடுக்க வேண்டும். ஒரு சுற்றில் ஒவ்வொரு எலக்ட்ரானும் சுமார் 1 மெகா எலக்ட்ரான்வோல்ட்டை இழக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பது 500 மெகாஹெர்ட்ஸ் அலை. அந்த அலையைப் பல ஆண்டுகளாகத் தந்து வந்தவை ஐஓடி எனப்படும் குழல்கள், கிளைஸ்ட்ரானின் நெருங்கிய உறவு. எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பொறியாளர் கேள்வி கேட்டால் முகம் மலர்ந்துவிடுபவர். இந்த அதிர்வெண்ணில் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் குழல்களின் இடத்தைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டன என்றார். ஒரு டிரான்சிஸ்டர் போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும், குழல் போனால் எல்லாம் நிற்கும். நியாயம்தான். ஆனால் வளையத்துக்கு எலக்ட்ரானைத் தயார் செய்யும் முன்கட்ட முடுக்கியில் 3 கிகாஹெர்ட்ஸ் கிளைஸ்ட்ரான்தான். சில மைக்ரோவிநாடிக்கு மெகாவாட் கணக்கில் சக்தி வேண்டும் என்றால் இன்றைக்கும் குழல்தான் நடைமுறை வழி. பிளாஸ்மாவைச் சூடாக்கும் கைரோட்ரானும் அப்படித்தான். பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ஐடெர் இணைவு உலைக்கு 170 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் 1 மெகாவாட். அந்த அலை குழலைவிட்டு வெளியேறும் ஜன்னல் செயற்கை வைரத்தால் ஆனது. கண்ணாடி வைத்தால் அந்த வெப்பத்தைத் தாங்காது.

உணவகத்தில் தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, மேலே பீன்ஸ், 6 பவுண்டு. எதிரே உட்கார்ந்தவர் பேச்சுக் கொடுத்தார். ஒரு மருத்துவமனையில் கதிரியக்க இயற்பியலாளராம். அவர் வேலை பார்க்கும் சிகிச்சை முடுக்கி ஓடுவது மாக்னட்ரானில். நான் கோம்ப்னரைப் பற்றியும் முரட்டு மாக்னட்ரானைப் பற்றியும் ஆரம்பித்ததும் கையை உயர்த்திச் சிரித்தார். "முரடுதான். ஆனால் சின்னது, விலை குறைவு, நோயாளியைச் சுற்றிச் சுழலும் கையிலேயே மாட்டிவிடலாம். பெரிய கிளைஸ்ட்ரானை அங்கே தூக்கி வைக்க முடியுமா?"

போன மாதம்தான் ஒன்றை மாற்றினார்களாம். பழையது தேய்ந்து டோஸ் தடுமாற ஆரம்பித்ததும், சிகிச்சையை ஒரு நாள் காலை நிறுத்திவிட்டு, புதியதைப் பொருத்தி, தண்ணீர்த் தொட்டியில் அயனி அறையை இறக்கிக் கற்றையின் ஆற்றலையும் அளவையும் மறுபடி மறுபடி சரிபார்த்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டார்களாம், மதியம் வந்தால் போதும் என்று. அளவு கொஞ்சம் விலகியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். காந்தத்தின் மின்னோட்டத்தைத் துளித் துளியாக மாற்றுவோம், அப்புறம் மறுபடி அளப்போம் என்றார். அன்றைக்கு இரண்டரை மணிக்கு முதல் நோயாளி மேசையில் படுத்தாராம்.